அட்டைக் கையும் எஃகுக் கையும்

பள்ளிகளில் நடைபெறும் விஞ்ஞானக் கண்காட்சியைக் காணச் செல்வோர், ஏதேனும் ஒரு மேசையில் ஓர் இயந்திரக் கையைக் காணாமல் திரும்புவது அரிது. தடித்த அட்டையை வெட்டி ஒட்டிய தோள். ஐஸ் குச்சிகளை அடுக்கிச் செய்த முழங்கை. மருந்து ஏற்றும் சிரிஞ்சுகள் எட்டு. அவற்றை இரண்டிரண்டாக இணைக்கும் மெல்லிய குழாய்கள் நான்கு. குழாய்களுக்குள்ளே சிவப்பும் நீலமும் பச்சையும் மஞ்சளுமாக நிறமேற்றிய நீர். மேசைக்குப் பின்னே நிற்கும் மாணவன் ஒரு சிரிஞ்சின் தண்டை அழுத்துகின்றான். எதிரே கை உயர்கின்றது. மற்றொன்றை அழுத்துகின்றான், இரண்டு விரல்கள் கூடி ஒரு தீப்பெட்டியைப் பற்றுகின்றன. சுற்றி நிற்கும் சிறுவர் கைதட்டுகின்றனர்.

புதுவையில் ஆசிரியராகவும் பின்னர்த் தலைமையாசிரியராகவும் பணி செய்து ஓய்வு பெற்ற என்னை இத்தகைய கண்காட்சிகளுக்கு நடுவராக அழைப்பதுண்டு. அட்டைக் கையின் முன் நின்று நான் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். “தம்பி, இந்தக் கைக்கு வலிமை எங்கிருந்து வருகின்றது? எங்கே போக வேண்டும் என்று அதற்குச் சொல்வது யார்? பொருளைத் தொட்டாயிற்று என்பது யாருக்குத் தெரிகின்றது?” ஒரே கேள்வி என்று சொல்லி மூன்று கேட்டுவிட்டேன், ஆசிரியர்களின் வழக்கம் அது.

முதற் கேள்விக்கு மாணவர் பலரும் ‘பாஸ்கல் விதி’ என்று உடனே ஒப்பித்துவிடுவர். இரண்டாவதற்குச் சிறிது விழிப்பர். மூன்றாவதற்கு விடை சொல்வோர் மிகச் சிலரே. வலிமை, நினைவு, தொடுவுணர்வு ஆகிய மூன்றும் நம் கையில் பிறவியிலேயே ஒன்றுகூடி இருக்கின்றன. ஆகவே அவை மூன்று என்பதே நமக்குத் தோன்றுவதில்லை. இயந்திரக் கையிலோ அவை தனித்தனியே, வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு நூற்றாண்டில் வந்து சேர்ந்தன. அந்த வரலாற்றையே இன்று சொல்லப் புகுகின்றேன்.

பிளேய்ஸ் பாஸ்கல் 1623 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பிறந்தவர். பிரெஞ்சு மொழியில் பயின்ற நம் புதுவையின் பழைய தலைமுறையினருள் பலர் அவரை விஞ்ஞானியாக அறிவதற்கு முன்பே உரைநடை ஆசிரியராக அறிந்திருப்பர். அவருடைய தந்தையார் வரி அலுவலர். கணக்குப் போட்டுக் களைத்த தந்தையாருக்கு உதவுவதற்காகப் பத்தொன்பது வயதிலேயே கூட்டல் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கியவர் அவர். வீட்டுத் தேவைக்காக ஒரு மாணவ வயதினர் செய்த கருவிகளுள் அதனையே தலைசிறந்தது என்பேன். நீர்மங்களின் சமநிலை பற்றி அவர் எழுதிய நூல், அவர் 1662 இல் முப்பத்தொன்பது வயதில் மறைந்த பின்னர், 1663 இல் அச்சாயிற்று. மூடிய கலத்திலுள்ள நீரின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசையிலும் பரவும் என்பது அதன் சாரம். சிறிய வாய் ஒன்றும் அதனினும் நூறு மடங்கு பெரிய வாய் ஒன்றும் உள்ள கலத்தில், சிறிய வாயை ஒருவன் அழுத்தினால், பெரிய வாயில் நிற்கும் நூறு பேருக்கு அவன் ஈடாவான் என்று பாஸ்கல் அதிலே காட்டுகின்றார்.

இதனை அட்டைக் கையில் வைத்துப் பாருங்கள். அழுத்தும் சிரிஞ்சைவிடக் கையில் பொருத்திய சிரிஞ்சின் விட்டம் இரு மடங்கு என்று கொள்வோம். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. ஆகவே விசையும் நான்கு மடங்கு கிடைக்கும். ஆனால் இயற்கை எதனையும் இலவசமாகக் கொடுப்பதில்லை. நாம் நான்கு சென்டிமீட்டர் அழுத்தினால் அங்கே தண்டு ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். இந்தக் கணக்கைப் போட்டுப் பாராமல் சிரிஞ்சு வாங்கும் மாணவர், கை ஏன் முழுவதும் உயரவில்லை என்று கண்காட்சிக்கு முந்திய இரவில் கலங்குவர்.

நகர்வு குறைந்தால் என் செய்வது? இதற்கு விடை நம் உடம்பிலேயே இருக்கின்றது. முழங்கையை மடக்கும் தசை, முன்கை எலும்பில் எங்கே பற்றியிருக்கின்றது? உள்ளங்கைக்கு அருகில் அன்று. முழங்கை மூட்டிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் தொலைவில்தான். உள்ளங்கையோ மூட்டிலிருந்து ஏறத்தாழ முப்பத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கின்றது. ஆகவே ஒரு கிலோகிராம் எடையை ஏந்துவதற்குத் தசை ஏழெட்டுக் கிலோகிராம் அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கின்றது. பெரு நட்டம் போலத் தோன்றும். ஆயினும் தசை சிறிதே சுருங்கக் கை நெடுந்தூரம் வீசுகின்றது. சிரிஞ்சை மூட்டுக்கு நெருக்கமாகப் பொருத்தும் மாணவன், தான் அறியாமலே இந்த ஏற்பாட்டைப் பின்பற்றுகின்றான். நெருக்கத்தை மாற்றி மாற்றி மூன்று துளைகளிட்டுச் சோதித்துப் பார்ப்பவன் அறிந்தே பின்பற்றுகின்றான். அவனுக்கு நான் கூடுதலாக மதிப்பெண் இடுவேன்.

வலிமையின் கதை இது. இனி நினைவின் கதை.

பாஸ்கல் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்து, 1709 இல், அதே பிரான்சில் கிரெனோபில் நகரத்தில் பிறந்தார் ழாக் தெ வோக்கான்சோன். 1738 இல் அவர் பாரிசு மக்களுக்குக் காட்டிய பொம்மை, உண்மையான புல்லாங்குழலை உண்மையாகவே வாசித்தது. துருத்திகள் காற்றை ஊதின, உதடுகள் அசைந்தன, விரல்கள் துளைகளை மூடித் திறந்தன. எந்த விரல் எப்போது எழ வேண்டும் என்பதை, முனைகள் பொருத்திய ஓர் உருளை மெல்லச் சுழன்று கட்டளையிட்டது. அவ்வுருளையே அப்பொம்மையின் நினைவு. விரலை இயக்குவது வேறு, விரலுக்குச் சொல்வது வேறு என்று இயந்திரத்தில் பிரித்துக் காட்டிய முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

பொம்மை செய்தவரைப் பிரெஞ்சு அரசாங்கம் 1741 இல் பட்டு நெசவுத் தொழிலின் மேற்பார்வையாளராக்கிற்று. அவர் ஆக்கத்தில் பங்கு கொண்ட புதிய ஒழுங்குமுறைகளை எதிர்த்து 1744 இல் லியோன் நகர நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். அவர் நகரத்தை விட்டுத் தப்பியோட நேர்ந்தது. அடுத்த ஆண்டில் அவர் தாமே இயங்கும் தறி ஒன்றை அமைத்தார். அத்தறி அன்று பரவவில்லை. ஆனால் அதன் கருத்தைப் பின்பற்றி, துளையிட்ட அட்டைகளால் கட்டளையிடும் தறியை ழக்கார் என்பவர் 1804 இல் நிறுவினார். துளை இருந்தால் நூல் எழும், இல்லையேல் எழாது. கணிப்பொறிகளுக்குக் கட்டளையிடப் பின்னாளில் துளையட்டைகளைப் பயன்படுத்தியதற்கு இதுவே மூதாதை.

தறி என்றதும் புதுவைக்காரனாகிய எனக்கு நம் ஆலைகள் நினைவுக்கு வாராமல் இரா. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கு நெசவாலைகள் எழுந்தன. சவானா மில், ரோடியர் மில் என்று மக்கள் வழங்கிய பெயர்கள் பெரியோர் நாவில் இன்னும் இருக்கின்றன. இயந்திரத் தறியோடு போட்டியிட்ட மனிதக் கைகள் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் உழைப்பது என்பதே இங்கு உயிர்ப் பிரச்சினையாயிற்று. எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்டுப் போராடிய தொழிலாளர் மீது 1936 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் நாள் பிரெஞ்சுக் காவற்படையினர் சுட்டதில் பன்னிருவர் மாண்டனர். அதன் பின்னரே எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயிற்று. ரோடியர் மில் நம் காலத்தில் ஏ.எப்.டி. ஆலை என்ற பெயரோடு நலிந்து, 2020 இல் மூடப்பட்டது. இயந்திரக் கை செய்யும் மாணவர்களுக்கு இதனை ஏன் சொல்கின்றேன்? “ஐயா, இந்தக் கை எல்லா வேலையையும் செய்துவிட்டால் அப்பா என்ன செய்வார்?” என்று ஒருமுறை ஒரு சிறுமி என்னைக் கேட்டாள். அவள் தந்தையார் ஆலைத் தொழிலாளி. அந்தக் கேள்வியைப் பாடத்திற்குப் புறம்பானது என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘ரோபோ’ என்ற சொல்லே அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920 இல் வெளியிட்ட நாடகத்தில் செயற்கைத் தொழிலாளருக்கு அப்பெயரை இட்டார். கட்டாய உழைப்பு, வெட்டி வேலை என்று பொருள்படும் செக் சொல்லின் அடியாகப் பிறந்தது அது.

இனி நாம் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும். ஏனெனில், மனிதக் கை செல்லக் கூடாத ஓரிடம் அங்கே உண்டாகியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அணுசக்தி ஆராய்ச்சி வளர்ந்தது. கதிரியக்கப் பொருள்களை வெறுங்கையால் தொட முடியாது. தடித்த சுவருக்கு அப்பால் வைத்தே கையாள வேண்டும். சிகாகோவுக்கு அருகிலுள்ள ஆர்கோன் ஆய்வுக்கூடத்தில் ரேமண்ட் கர்ட்ஸ் என்பவர் 1940 களின் இறுதியில் இதற்கு ஒரு வழி கண்டார். சுவருக்கு இப்பால் ஒரு பிடி. அப்பால் ஓர் எஃகுக் கை. இரண்டையும் இணைப்பன நாடாக்களும் கம்பிகளும் நெம்புகோல்களும். இப்பால் மனிதன் மணிக்கட்டைத் திருப்பினால் அப்பால் எஃகு மணிக்கட்டும் திரும்பும். பம்பாய்க்கு அருகில் டிராம்பேயிலுள்ள நம் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்திலும் பின்னர் இவ்வகைக் கைகள் உருவாகின.

நம் மாணவனின் அட்டைக் கைக்கு நெருங்கிய உறவு இந்தக் கைதான் என்பதைக் கவனியுங்கள். கர்ட்சின் கையில் கம்பி. நம் கையில் நீர். இரண்டிலும் நினைவு என்பது இயக்குபவனுடைய தலைக்குள்ளேயே இருக்கின்றது. அட்டைக் கையை ‘ரோபோ’ என்று பலகையில் எழுதி வைக்கும் மாணவரிடம், அச்சொல்லை அழித்துவிடச் சொல்வது என் வழக்கம். அது இழிவு அன்று. பெயர் சரியாக இருந்தால்தான் அடுத்த படி கண்ணுக்குத் தெரியும்.

அந்த அடுத்த படியை எடுத்து வைத்தவர் ஜார்ஜ் டெவல். 1954 நவம்பர் முதல் நாளில் பிரெஞ்சுக்காரர் புதுவையின் ஆட்சியை இந்தியாவிடம் ஒப்படைத்தனர். அதற்கு அடுத்த மாதமே டெவல் அமெரிக்காவில் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆண்டை மறவாதிருக்க மாணவருக்கு நான் சொல்லும் வழி அது. ஜோசப் எங்கல்பர்கர் என்ற பொறியியலாளர் அவரோடு சேர்ந்தார். அவர்கள் செய்த ‘யூனிமேட்’ என்ற கை, 1961 இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தது. அதன் எடை ஏறத்தாழ 1,800 கிலோகிராம். அச்சில் வார்த்த சூடான உலோகத் துண்டுகளை எடுத்து வைப்பது அதன் பணி. அதற்கு வலிமை தந்தது அழுத்தமூட்டிய எண்ணெய், அதாவது பாஸ்கல். நினைவு தந்தது காந்த உருளை. அதாவது, சிறிது விரிவாகச் சொன்னால், வோக்கான்சோன். ஒருமுறை கையைப் பிடித்து வழிநடத்திச் செய்து காட்டிவிட்டால், அதனை அப்படியே அது திரும்பத் திரும்பச் செய்யும்.

மனிதருக்கு ஆபத்தான வேலையை ஏற்றுக்கொள்ள வந்த அக்கை, நாளடைவில் ஆபத்தில்லாத வேலையையும் ஏற்றுக்கொண்டது உண்மை. அந்தச் சிறுமியின் கேள்விக்கு இயந்திர நூலில் விடை இல்லை. 1936 இல் புதுவையில் விடை தேடிய இடம் வீதியும் சட்டமன்றமும் ஆகும்.

யூனிமேட் வலியது, ஆனால் புதிதாக ஒன்றை எண்ணிச் செய்ய அறியாதது. கணிப்பொறியின் சொற்படி நுணுக்கமாக நடக்கும் கையைச் செய்தவர் ஒரு மாணவரே என்பது உங்களுக்கு மகிழ்ச்சியளிக்கும். அவர் பெயர் விக்டர் ஷைன்மன். சிறு வயதில் ஒரு திரைப்படத்தில் வந்த இயந்திர மனிதனைக் கண்டு அவர் இரவெல்லாம் அஞ்சினாராம். மனநல மருத்துவரான தந்தையார், அவ்வியந்திர மனிதனை மரத்தால் நீயே செய்து பார் என்று சொன்னாராம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, 1950 களின் இறுதியில், பேச்சைக் கேட்டுத் தட்டச்சுச் செய்யும் பொறி ஒன்றை விஞ்ஞானக் கண்காட்சிக்காக அவர் அமைத்தார். பின்னர் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே 1965 இல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து, எஃகுத் தட்டுகளுக்கிடையே இரப்பர்ப் பைகளை வைத்துக் காற்றூதி நெளியச் செய்யும் பாம்பு போன்ற ஒரு கையைச் செய்தார். அதனைத் துல்லியமாக ஓரிடத்தில் நிறுத்த இயலவில்லை. நீர்ம அழுத்தத்தால் இயங்கும் மற்றொரு கை செய்தார். அது வேகம் மிகுந்து அதிர்ந்தது. 1969 இல் மின்சார மோட்டார்களால் இயங்கும் ஆறு மூட்டுக் கையைச் செய்தார். ‘ஸ்டான்போர்டு கை’ என்று நூல்கள் இன்றும் குறிப்பது இதனையே.

ஆறு மூட்டு எதற்கு? ஒரு பொருளை ஓரிடத்தில் வைக்க, முன்பின், இடவலம், மேல்கீழ் என மூன்று வகை அசைவு வேண்டும். அதனை எந்தப் பக்கமாகவும் திருப்பி வைக்க இன்னும் மூன்று வேண்டும். ஷைன்மனின் திறமை எண்ணிக்கையில் இல்லை, அமைப்பில் இருந்தது. மணிக்கட்டின் மூன்று சுழல் அச்சுகளும் ஒரே புள்ளியில் சந்திக்குமாறு அவர் அமைத்தார். அதனால், ‘இந்த இடத்திற்குப் போ’ என்றால் ஒவ்வொரு மூட்டும் எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்ற கணக்கு எளிதாயிற்று. அக்காலத்துக் கணிப்பொறி இன்று நம் சட்டைப் பையிலுள்ள கைபேசியின் முன் ஒரு பொருட்டே அன்று. கணக்கு எளிதாவது கையின் உயிராக இருந்தது. 1974 அளவில் அக்கை, தொடுவுணர்வின் துணையோடு, பழைய போர்டு காரின் நீரேற்றி ஒன்றைத் தானே பூட்டியது. பின்னர் தொழிற்சாலைகளில் புகழ்பெற்ற ‘பூமா’ என்ற கை ஷைன்மனின் வழியில் வந்ததே.

மனிதக் கையில் தோள் முதல் மணிக்கட்டு வரை ஏழு வகை அசைவு உண்டு. ஒன்று மிகுதியாக இருப்பதால்தான், மேசையில் ஊன்றிய உள்ளங்கையை அசைக்காமலே முழங்கையை மட்டும் நாம் மேலும் கீழும் அசைக்க முடிகின்றது. இப்போதே செய்து பாருங்கள். திருவனந்தபுரத்தில் இஸ்ரோவின் நிலைமக் கருவிப் பிரிவினர் செய்த, நடக்கவல்ல கைக்கும் ஏழு மூட்டுகளே. அது 2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி. சி60 ராக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. இலைப்புழு உடலை வளைத்து நகர்வது போல, ஒரு முனையை ஊன்றி மறு முனையை எடுத்து வைத்து, வேண்டிய இடத்திற்கு அது தானே செல்லும் வகையில் அமைந்தது.

இனி நம் பள்ளி மேசைக்கு வருவோம். அட்டைக்கும் சிரிஞ்சுக்கும் அடுத்த நிலையாக இன்று சிறு மோட்டார்களும் கட்டுப்பாட்டுப் பலகையும் வந்திருக்கின்றன. இத்தாலியில் இவ்ரேயா என்னும் சிறு நகரில் 2005 இல் மாணவர்களுக்காகவே தோன்றிய ‘அர்டுயினோ’ பலகை இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. இதனால் மாணவன் கைக்கு நினைவு கொடுக்கின்றான். இப்போது அதனை ‘ரோபோ’ என்று எழுதத் தடையில்லை. ஆனால் இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எல்லா உறுப்புகளும் வெட்டித் துளையிட்டு, கட்டளைத் தொடரும் ஆயத்தமாக எழுதி, பெட்டியில் அடைத்து விற்கப்படுகின்றன. பெற்றோர் வாங்குகின்றனர்; பிள்ளை திருகாணிகளை முறுக்குகின்றான். கண்காட்சியில் அக்கை அழகாக அசையும். ‘இந்த மூட்டை ஒரு சென்டிமீட்டர் நீட்டினால் என்ன ஆகும்?’ என்று கேட்டால் பிள்ளை பெட்டியின் மூடியைப் பார்ப்பான். ஷைன்மன் கெடுத்த இரண்டு கைகளே அவருக்கு மூன்றாவதைக் கற்பித்தன. கெடுவதற்கு இடமில்லாத பெட்டியில் அந்தக் கல்வி எங்கே?

மேலும், விலை மிகுந்த மோட்டார்க் கையிடம் இல்லாத ஒன்று அட்டைக் கையிடம் உண்டு. அதுவே என் மூன்றாம் கேள்விக்கு விடை. நீர் இருபுறமும் அழுத்தத்தைக் கடத்தும். அப்பால் விரல்கள் ஒரு தக்காளியைத் தொட்டதும், இப்பால் மாணவனின் கட்டைவிரலில் அந்த எதிர்ப்புத் தெரியும். மலிவான மோட்டாருக்கு இது தெரியாது. கட்டளையிட்ட கோணம் வரும்வரை அது தக்காளியை நசுக்கிக்கொண்டே போகும். கர்ட்சின் கம்பிக் கையிலும் இந்தத் தொடுவுணர்வு இயல்பாகவே இருந்தது. கம்பியை நீக்கி மின்சாரத்தால் இணைத்தபோது அது அறுந்தது. அப்பாலுள்ள எதிர்ப்பை இப்பாலுள்ள பிடிக்கு மோட்டார் வழியே திருப்பி அனுப்பும் ஏற்பாட்டை 1954 இல் அவர் செய்து முடிக்க வேண்டியிருந்தது. தொலைவிலிருந்து அறுவை செய்யும் மருத்துவக் கைகளுக்கும் இது இன்றளவும் கடினமான சிக்கலே.

செய்து பார்க்க விரும்பும் மாணவருக்குச் சில சொற்கள். ஊசியில்லாத புதிய சிரிஞ்சுகளையே வாங்குங்கள். மருத்துவமனையில் பயன்படுத்தி எறிந்தவற்றைத் தொடலாகாது. குழாயையும் சிரிஞ்சையும் நீர் நிறைந்த வாளிக்குள் மூழ்க வைத்தே இணையுங்கள். ஒரு காற்றுக் குமிழி உள்ளே தங்கினாலும் அது அமுங்கி விரிந்து, தொடுவுணர்வை விழுங்கிவிடும். தண்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் இடுவார் உளர். அது இரப்பரை உப்பச் செய்யும். கிளிசரின் ஒரு துளி போதும். பிறகு ஒரு தக்காளி, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கல் ஆகிய மூன்றையும் நண்பன் ஒருவன் மாற்றி மாற்றி வைக்கட்டும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தண்டை மெல்ல அழுத்தி, விரல்களுக்கிடையே இருப்பது எது என்று சொல்லிப் பாருங்கள். பத்து முறையில் எத்தனை முறை சரியாகச் சொன்னீர்கள் என்பதைக் குறித்து, அந்தத் தாளையும் கண்காட்சி மேசையில் கையின் அருகே வையுங்கள்.